நொச்சியிலையும் நோவும்: மலையகத்துக் கைமருந்தறிவும் ஆய்வுகூடப் பரிசோதனையும் பற்றிய சில குறிப்புகள்

நோவு தனிமனித உடலினுள் நிகழ்வது. ஆயினும் அது தனிமனித விடயம் மட்டுமன்று. யாருடைய உடல் நோகின்றது, எதனால் நோகின்றது, நோவதாக அவர் கூறுவதை யார் ஏற்கின்றனர், மருந்தென அவருக்குக் கிடைப்பது யாது என்னும் வினாக்களுக்கு விடை தேடப் புகுந்தால், நாம் தவிர்க்கமுடியாதவாறு சமூக உறவுகளின் ஆய்வினுள் நுழைந்துவிடுகின்றோம். இலங்கையின் மத்திய மலைநாட்டிலே, ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா ஆகிய பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களில் வாழும் தொழிலாளரது வாய்மொழி வழக்குகளை ஆராய்வோர்க்கு இவ்வுண்மை எளிதிற் புலனாகும். அவர்தம் பாடல்களிலும் பழமொழிகளிலும் அன்றாடப் பேச்சிலும் உடல் நோவு இடையறாது பேசப்படுகின்றது. அதற்கு அடுத்தபடியாகப் பேசப்படுவது இலை. வேது பிடிக்கும் இலை, அரைத்துப் பற்றுப்போடும் இலை, அவித்துக் குடிக்கும் இலை என அது பலவாறாக வரும்.

இவ்விலைகளுக்கு உண்மையிலே நோவு தணிக்கும் ஆற்றல் உண்டா? இவ்வினாவுக்கு நம்மிடையே இருவகை விடைகள் வழங்குகின்றன. முன்னோர் அறியாதது எதுவுமில்லை, ஆய்வுகூடம் அவர்கள் சொன்னதற்கு முத்திரை குத்துகின்றது, அவ்வளவே என்பது ஒன்று. இவையெல்லாம் வைத்திய வசதி மறுக்கப்பட்டவர்களின் மூடநம்பிக்கைகள் என்பது மற்றையது. முதலாவது பழைமைவாதிகளுடையது என எளிதாகச் சொல்லிவிடலாம். இரண்டாவதை முற்போக்காளர் என்று தம்மைக் கருதிக்கொள்வோர் சிலரும் சொல்வதுதான் வருந்தத்தக்கது. இவ்விரு சாராரும் செய்யாத காரியம் ஒன்று உண்டு: பரிசோதனைகள் எவ்வாறு நடத்தப்படுகின்றன, அவை எதனைக் காட்டுகின்றன, எதனைக் காட்டவில்லை என்பதை ஊன்றி வாசித்தல். இலக்கிய மாணவராகிய நாம் மருந்தியல் நூல்களைப் புரட்டுவது முறையா எனக் கேட்கலாம். ஒரு பிரதியை வாசிப்பதற்குரிய கவனத்துடன் ஒரு பரிசோதனையையும் வாசிக்கலாம் என்பதே நமது எண்ணம்.

முதலில் நோவின் பகைப்புலத்தை நோக்குதல் வேண்டும். கோப்பிச் செய்கைக்கெனப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியிலிருந்து தென்னிந்தியாவின் திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, புதுக்கோட்டை முதலிய பகுதிகளிலிருந்து தொழிலாளர் கொண்டுவரப்பட்டனர். 1869இல் இலைத்துரு நோய் கோப்பியைத் தாக்கத் தொடங்கிய பின்னர், 1867இல் லூல்கந்துரவிலே ஜேம்ஸ் டெயிலர் பயிரிட்ட தேயிலை மலைகளை மூடியது. தோட்டத் துரைமார் தொழிலாளருக்கு வைத்திய வசதி அளிக்க வேண்டுமென்ற சட்டம் 1872இல் இயற்றப்பட்டு, 1912இல் புதுக்கப்பட்டது. அச்சட்டத்தின் அக்கறை கொள்ளைநோய்களைப் பற்றியும், ஆட்பலம் குன்றாமற் காப்பதைப் பற்றியும் இருந்தது. வேலையினாலே விளையும் நோவு அதன் பார்வைக்கு அப்பாற்பட்டது. கொழுந்தெடுக்கும் பெண், சரிவில் நின்றபடி, கூடையின் கயிற்றை நெற்றியிலோ தலையிலோ தாங்கி, இருகைகளாலும் இடைவிடாது பறிக்கின்றாள். கூடைக்குப் பதிலாகச் சாக்கு வந்துள்ள தோட்டங்களிலும் சுமை முதுகிலேயே உள்ளது. பல தோட்டங்களில் நாளொன்றுக்குப் பதினாறு முதல் இருபது கிலோவரை பறித்தாலன்றி முழுப்பேர் கிடையாது, குறைந்தால் அரைப்பேர். 2021இல் நாட்சம்பளம் 1000 ரூபாவென வர்த்தமானி மூலம் நிர்ணயிக்கப்பட்டதன் பின்னர் இந்த எடையளவைச் சுற்றிப் பல பிணக்குகள் எழுந்தமை நாமறிந்ததே. தோள், கழுத்து, இடுப்பு, முழங்கால், விரற்கணு என நோவு தங்கும் இடங்கள் உற்பத்தி முறையினாலேயே வரையப்பட்டவை.

இந்நோவுக்குத் தமிழில் உள்ள சொல்வளத்தைக் கவனித்தல் தகும். குத்து, குடைச்சல், கடுப்பு, உளைவு, எரிவு, பிடிப்பு, இழுப்பு, வலி, நோவு. இவை ஒருபொருட் பன்மொழிகள் அல்ல. நாள் முழுதும் மழையில் நனைந்து நின்ற காலில் வருவது கடுப்பு. இரவில் எலும்பினுள்ளே சுழல்வது குடைச்சல். பாரஞ்சுமந்த தோளில் வருவது உளைவு. கனடாவைச் சேர்ந்த உளவியலாளர் ரொனால்ட் மெல்சாக், நோயாளர் பயன்படுத்தும் சொற்களை வகைப்படுத்தி நோவை அளவிடும் வினாக்கொத்து ஒன்றை 1975இல் வெளியிட்டார். சொல்லின் வேறுபாடு நோவின் வேறுபாட்டைக் காட்டும் என்பதே அதன் அடிப்படை. மலையகத்து வாய்மொழிப் பாடல்களைத் திரட்டிய சி. வி. வேலுப்பிள்ளை போன்றோரின் தொகுப்புகளை இந்நோக்கிலே மீளவாசிக்க இடமுண்டு. எலியிடம் இச்சொற்கள் இல்லை. ஆகவே எலியின் நடத்தையிலிருந்து அதன் நோவை ஊகிக்க வேண்டியுள்ளது. விலங்குப் பரிசோதனையின் வலிமையும் வரையறையும் இவ்விடத்திலேதான் தொடங்குகின்றன.

பரிசோதனைகளின் அமைப்பு மிக எளிமையானது. ஒரே வயதும் ஏறத்தாழ ஒரே எடையும் கொண்ட எலிகளோ சுண்டெலிகளோ குழுக்களாகப் பிரிக்கப்படும். ஒரு குழுவுக்கு இலைச்சாறு, மாத்திரையளவு குறைவாகவும் நடுத்தரமாகவும் கூடுதலாகவும் வெவ்வேறு பிரிவுகளுக்குக் கொடுக்கப்படும். மற்றொரு குழுவுக்கு வெறும் நீர் அல்லது சாற்றைக் கரைத்த ஊடகம். பிறிதொரு குழுவுக்கு அஸ்பிரின், மோபின் போன்ற ஏற்கெனவே அறியப்பட்ட மருந்து. நீர் குடித்த குழு இல்லாவிடின், இலை குடித்த எலிக்கு ஏற்பட்ட மாற்றம் இலையினால் வந்ததா, காலம் கடந்ததனால் வந்ததா எனச் சொல்லமுடியாது. நம் வீட்டுப் பாட்டியின் அனுபவத்துக்கும் ஆய்வுகூடத்துக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இந்த நீர் குடித்த எலிதான். பாட்டி அறிவு குறைந்தவர் என்பதன்று இதன் பொருள். தானாகவே தணிந்துவிடும் நோவையும் மருந்தினால் தணிந்த நோவையும் பிரித்தறிய அவரிடம் வழியில்லை.

இனி, நோவை உண்டாக்கும் முறைகள். எலியின் வாலில் ஒளிக்கற்றையின் வெப்பத்தைப் பாய்ச்சி, அது வாலை விலக்கிக்கொள்ள எத்தனை செக்கன் எடுக்கின்றது என அளவிடும் முறையை 1941இல் டி'ஆமரும் ஸ்மித்தும் வகுத்தனர். 1944இல் வூல்ஃபும் மக்டொனால்டும் சுடுதட்டு முறையை விவரித்தனர். ஏறத்தாழ 55 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள தட்டில் விடப்பட்ட விலங்கு பாதத்தை நக்கும் அல்லது துள்ளும். அதுவரை கழியும் நேரமே அளவு. குறித்த நேரத்துக்குள் அது துள்ளாவிடினும் எடுத்துவிட வேண்டும், இல்லையேல் பாதம் வெந்துவிடும். வயிற்றினுள் ஐதான அசற்றிக்கமிலத்தைச் செலுத்தி, சுண்டெலி எத்தனை முறை நெளிகின்றது என எண்ணும் முறை 1959இல் கொஸ்ரரும் அவர்தம் கூட்டாளிகளும் கையாண்டது. 1962இல் வின்ரரும் பிறரும், கடற்பாசியிலிருந்து பெறப்படும் கரஜீனன் என்னும் பொருளை எலியின் பின்பாதத்திற் செலுத்தி, எழும் வீக்கத்தை மணிக்கு மணி அளக்கும் முறையை அறிமுகப்படுத்தினர். 1977இல் டுபுயிசனும் டெனிசும் போமலின் சோதனையை முன்வைத்தனர்.

இவற்றுள் போமலின் சோதனை தனியே நோக்கத்தக்கது. பாதத்தில் ஐதான போமலின் செலுத்தப்பட்டதும் முதல் ஐந்து நிமிடமளவில் விலங்கு பாதத்தை நக்கியும் உதறியும் நிற்கும். பின்னர் சற்றே ஓய்வு. ஏறத்தாழ பதினைந்து நிமிடத்தின் பின் மறுபடியும் தொடங்கி நெடுநேரம் நீடிக்கும். முதற்கட்டம் நரம்பு முனைகள் நேரடியாகத் தூண்டப்படுவதால் வருவது. இரண்டாவது, திசுக்களில் அழற்சி எழுந்து, அதன் வேதிப்பொருள்கள் நரம்புகளைக் கூருணர்வுடையனவாக்குவதால் வருவது. முண்ணாணின் மாற்றங்களும் அதிற் பங்கு கொள்ளும். மோபின் இரு கட்டங்களையும் தணிக்கும். அழற்சியை மட்டும் தடுக்கும் மருந்து பெரும்பாலும் இரண்டாம் கட்டத்தையே தணிக்கும். எனவே ஓர் இலைச்சாறு எக்கட்டத்தைத் தணிக்கின்றது என்பதிலிருந்து அது எவ்வழியிற் செயற்படுகின்றது என ஊகிக்கலாம். நெளிவுச் சோதனை இத்தகைய நுட்பமுடையதன்று. நோவு தணிப்பான்கள் அல்லாத பல பொருள்களும் நெளிவைக் குறைத்துவிடும். இலைச்சாறு விலங்கைத் தூங்கவைத்தாலோ தசையைத் தளர்த்தினாலோகூட அது நெளியாது, துள்ளாது. இதனாலேயே சுழலும் தண்டின்மேல் எலி நிலைத்து நிற்கின்றதா எனத் தனியே சோதித்தல் நல்ல ஆய்வாளரின் வழக்கம். சோர்ந்து கிடக்கும் உடலை நோவற்ற உடலென்று கொள்ளும் மயக்கம் ஆய்வுகூடத்துக்கு மட்டும் உரியதன்று. தோட்டத்துப் பிரட்டுக்களத்திலும் அதனைக் காணலாம்.

இப்பின்னணியில் நொச்சிக்கு வருவோம். தமிழிலக்கிய மாணவர் நொச்சியை முதலில் அறிவது மதில்காக்கும் வீரர் சூடும் பூவாகவே. புறப்பொருள் வெண்பாமாலை அதற்குத் தனிப் படலமே வகுத்துள்ளது. சித்தமருத்துவத்திலோ நொச்சியிலை வாதநோய்க்கு உரியது. அதனை அவித்து வேது பிடிப்பர், தலைவலிக்குத் தலையணையினுள் இட்டுப் படுப்பர், மூட்டு வீக்கத்துக்கு ஒத்தடம் கொடுப்பர். சிங்களத்தில் இதன் பெயர் நிக. சிங்கள ஆயுர்வேத மரபிலும் இதற்கு ஒத்த இடமுண்டு. இரு மொழியினரும் ஒரே இலையை ஒரே நோவுக்குப் பயன்படுத்திவந்துள்ளமை, பண்பாட்டு வேறுபாட்டையே எப்போதும் வற்புறுத்துவோர் மனங்கொள்ள வேண்டிய செய்தியாகும்.

2003இல் கொழும்புப் பல்கலைக்கழக விலங்கியற்றுறையைச் சார்ந்த வ. டி. ரத்னசூரிய, எம். ஜி. தர்மசிறி முதலியோர் முதிர்ந்த பச்சை நொச்சியிலையின் நீர்ச்சாற்றை எலிகளுக்கு வாய்வழியே கொடுத்து ஆராய்ந்த முடிவுகளை இனமரபு மருந்தியலுக்குரிய சர்வதேச ஆய்விதழொன்றில் வெளியிட்டனர். இவ்வாய்வில் மூன்று செய்திகள் விதந்து கூறத்தக்கன. முதலாவது, அவர்கள் மதுசாரத்தையோ வேறு கரைப்பான்களையோ நாடாது நீரையே பயன்படுத்தினர். ஊரார் இலையை அவிப்பது நீரிலேதான்; ஆகவே சோதிக்கப்பட்டது ஊரார் பயன்படுத்தும் பொருளுக்கு நெருங்கிய பொருள். மதுசாரத்தில் எடுத்த சாற்றைச் சோதித்துவிட்டுக் கைமருந்து மெய்ப்பிக்கப்பட்டது என அறிவிக்கும் கட்டுரைகள் மலிந்துள்ள சூழலில் இதனைப் பாராட்டாதிருக்க முடியாது.

இரண்டாவது, நோவு தணிப்பும் அழற்சி எதிர்ப்பும் காணப்பட்டதோடு, அவை எவ்வழியே நிகழக்கூடும் என்பதும் தேடப்பட்டது. புரொஸ்ரகிளாண்டின் உற்பத்தியைத் தடுத்தல், ஹிஸ்ரமீனுக்கு எதிராகச் செயற்படல், கலங்களின் மென்சவ்வை உறுதிப்படுத்தல், ஒட்சியேற்றத்தைத் தடுத்தல் ஆகியன சுட்டப்பட்டன. புரொஸ்ரகிளாண்டின் தொகுக்கப்படுவதைத் தடுப்பதே அஸ்பிரினின் வழி என்பதை 1971இல் ஜோன் வேன் காட்டினார். 1982இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்படுவதற்கு அக்கண்டுபிடிப்பும் காரணமாயிற்று. அஸ்பிரின் 1899இலேயே சந்தைக்கு வந்துவிட்டது. அதாவது எழுபது ஆண்டுகளுக்கு மேலாக உலகம் முழுவதும் அது எவ்வாறு வேலைசெய்கின்றது என்பதை அறியாமலே விழுங்கிவந்தது. செயல்வழி தெரியாமையைக் காரணங்காட்டி ஊர்மருந்தை ஒதுக்குவோர்க்கு இது நினைவூட்டப்பட வேண்டும்.

மூன்றாவதே நமக்கு மிகச் சுவையானது. கரஜீனன் வீக்கத்தின் முற்பகுதியில், அதாவது ஏறத்தாழ முதலிரு மணி நேரத்தில், சாற்றின் தடுப்பாற்றல் அதன் மாத்திரையளவுக்கு நேர்மாறாக அமைந்தது. குறைந்த அளவு கூடுதலாகத் தடுத்தது. பிற்பகுதியிலோ கிலோவுக்கு 5 கிராம் என்ற அளவிலேதான், அதுவும் ஐந்தாம் மணியில், புள்ளிவிவர அடிப்படையிற் கருதத்தக்க தடுப்புக் கிடைத்தது. இலையைக் கூட்டினால் பயன் கூடும் என்ற எளிய கணக்கு இங்கே பொருந்தவில்லை. ஓர் இலையினுள் ஒரே ஒரு பொருள் இல்லை. ஒன்றுக்கொன்று துணையாகவும் எதிராகவும் செயற்படும் பல பொருள்கள் உள்ளன. அளவு மாறும்போது பண்பும் மாறுகின்றது என்பது இயங்கியலை அறிந்தோர்க்குப் புதிய செய்தியன்று. ஆயினும் அதனை நொச்சிச்சாற்றிற் காண்பது மகிழ்ச்சி தருகின்றது.

இந்தியாவிலும் இவ்விலை ஆராயப்பட்டுள்ளது. 2005இல் குப்தாவும் தண்டனும் வெளியிட்ட ஆய்வில், நொச்சியிலையின் மதுசாரச் சாறு எலியின் வால்விலக்குச் சோதனையிலும் சுண்டெலியின் நெளிவுச் சோதனையிலும் நோவைத் தணித்தது. மோபின் செயற்படும் ஏற்பிகளை அடைத்துவிடும் நலொக்சோன் என்னும் மருந்தை முன்னரே கொடுத்துப் பார்த்தபோதும் நொச்சியின் ஆற்றல் குன்றவில்லை. எனவே இது அபின் வழியிற் செயற்படுவதன்று என முடிவு செய்யப்பட்டது. பழக்க அடிமைத்தனம் பற்றிய அச்சம் ஓரளவு நீங்குவதற்கு இது இடந்தருகின்றது.

எனினும் நொச்சி தாழ்நிலத்துச் செடி. ஆற்றோரங்களிலும் வேலிகளிலும் தழைப்பது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவின் குளிரில் அதனை எதிர்பார்க்க முடியாது. நொச்சி, ஆவாரை, வாதநாராயணன் ஆகியவற்றின் அறிவுடன் வரண்ட சமவெளியிலிருந்து வந்தவர்கள், அச்செடிகள் இல்லாத மலையிலே குடியமர்த்தப்பட்டனர். அறிவு வந்தது, இலை வரவில்லை. ஆகவே அவர்கள் சிலவற்றைக் காய்ந்த சரக்காக நகரத்துக் கடைகளில் வாங்கியிருக்க வேண்டும். சிலவற்றுக்குப் பதிலாக மலையிற் கிடைத்ததைக் கைக்கொண்டிருக்க வேண்டும். அயற் கிராமங்களின் சிங்கள மக்களிடமிருந்தும் கற்றிருக்க வேண்டும் எனக் கருத இடமுண்டு. தேயிலை உலர்த்தும் அடுப்புகளுக்கு விறகாகத் தோட்ட எல்லைகளில் நட்ட யூக்கலிப்டஸ் மரத்தின் இலையே வேதுக்குரிய இலையாக மாறியமை இத்தகைய மாற்றத்துக்குத் தெளிவான சான்று. நொச்சி ஆய்வு வெளிவந்த அதே 2003இல் பிரேசில் நாட்டு ஆய்வாளர் சிலர் மூவகை யூக்கலிப்டஸ்களின் இலையெண்ணெயை எலிகளிற் சோதித்து, நோவு தணிக்கும் ஆற்றலும் அழற்சி எதிர்க்கும் ஆற்றலும் உண்டெனக் கண்டனர். துரை விறகுக்கு நட்டான், தொழிலாளி மருந்தாக்கினாள்.

மலைநாட்டின் உயர்பகுதிகளுக்கே உரிய இன்னுமொரு செடி உண்டு. ஹோட்டன் சமவெளியிலும் நுவரெலியாவைச் சூழ்ந்த காட்டோரங்களிலும் வளரும் இச்சிறு செடியைச் சிங்களத்தில் வெல் கபுரு என்பர். தாவரவியலார் இதனைக் கோல்தீரியா இனத்தில் வைப்பர். இலையைக் கசக்கினால் நோவுத் தைலங்களின் மணம் வீசும். காரணம், இதன் எண்ணெயின் பெரும்பகுதி மெதைல் சலிசிலேற்று; அஸ்பிரினின் நெருங்கிய உறவு. இதே இனத்தைச் சேர்ந்த யுன்னான் மாகாணத்துச் செடியொன்றிலிருந்து பிரித்தெடுத்த சலிசிலேற்றுப் பகுதியைச் சீன ஆய்வாளர்கள் எலிகளிலும் சுண்டெலிகளிலும் சோதித்து 2007இல் வெளியிட்டனர். போமலின் சோதனையின் இரண்டாம் கட்டத்தை அது தணித்தது; முதற்கட்டத்தைத் தணிக்கவில்லை; சுடுதட்டுச் சோதனையில் எவ்விளைவும் இல்லை. நாம் மேலே விளக்கிய வேறுபாட்டுக்கு இதனினும் தெளிந்த எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. அழற்சியோடு கூடிய நோவுக்கு அது உதவலாம். கொதிநீர் பட்ட கைக்கு உதவாது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை அவசியம். இயற்கையானது என்பதனால் தீங்கற்றது என்னும் எண்ணம் நம் மக்களிடையே மிகுதி. ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லிலீற்றர், தூய மெதைல் சலிசிலேற்று எண்ணெய் ஏறத்தாழ 7 கிராம் சலிசிலேற்றுக்குச் சமன். வளர்ந்தோருக்குரிய 325 மில்லிகிராம் அஸ்பிரின் குளிசைகள் இருபதுக்கு மேல். சிறு பிள்ளையொன்று அதனைக் குடித்தால் உயிராபத்து நேரும். தோலில் தடவுவதற்கு உரியதைக் குடிப்பதற்கு உரியதாக்கும் வைத்தியக் குறிப்புகளை அச்சிடுவோர் இதனை அறிந்திருத்தல் நன்று.

மாத்திரையளவைப் பற்றிய சிக்கலும் இதனோடு தொடர்புடையது. எலிக்கு உரிய அளவை மனிதனுக்கு அப்படியே பெருக்கக்கூடாது. உடலின் மேற்பரப்பைக் கருத்திற்கொண்டு எலியின் கிலோவுக்கான அளவை ஏறத்தாழ 6.2ஆல் வகுக்க வேண்டுமென்பது 2005இல் ஐக்கிய அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் வெளியிட்ட வழிகாட்டலின் முறை. இவ்வாறு கணக்கிடின், நொச்சி ஆய்வின் 5 கிராம் என்பது 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு ஏறத்தாழ 40 கிராமாக வரும். இது தொடக்கக் கணக்கேயன்றி மருந்துச்சீட்டன்று. எலியிலிருந்து மனிதனுக்குச் செல்லும் பாதையில் நச்சுத்தன்மை ஆய்வு, கருவுற்றோர்க்கும் பாலூட்டுவோர்க்கும் உள்ள இடர், பிற மருந்துகளோடு கலக்கும்போது நிகழ்வது, இறுதியாக மனிதரிடையே நெறிப்படுத்தப்பட்ட பரிசோதனை எனப் பல படிகள் உள்ளன. பெரும்பாலான இலைகள் முதற்படியிலேயே நின்றுவிடுகின்றன. ஆராய்வதற்கு ஒன்றுமில்லை என்பது இதற்குக் காரணமன்று. யார் வேண்டுமானாலும் வேலியிற் பறித்துக்கொள்ளக்கூடிய இலைக்குப் பணம் செலவிட எந்தக் கம்பனியும் முன்வருவதில்லை. பண்டமாக்க முடியாத பொருள் முதலாளித்துவ ஆராய்ச்சிக்கு உவப்பானதன்று.

பண்டமாக்கக்கூடியதாயின் நிகழ்வது வேறு. இதற்கும் மலைநாடே சாட்சி. நுவரெலியாவுக்கு அண்மையிலுள்ள ஹக்கலைப் பூங்கா 1861இல் நிறுவப்பட்டது சிங்கோனாச் செய்கைக்காகவே. தென்னமெரிக்க அந்தீஸ் மலைமக்களின் நாட்டிலிருந்து பேரரசின் முகவர் கொண்டுசென்ற மரம் அது. கோப்பி அழிந்த காலத்தில் தோட்டக்காரர் சிங்கோனாவில் இறங்கி, 1880களில் பட்டையைச் சந்தையிற் குவித்து, விலை வீழ்ந்ததும் அதனை வெட்டியெறிந்து தேயிலைக்கு மாறினர். காய்ச்சலுக்கு மருந்தான மரத்தை நடுவதையும் வெட்டுவதையும் தீர்மானித்தது காய்ச்சலன்று, இலண்டன் விலைப்பட்டியல். நம் காலத்தில் இதே உறவு காப்புரிமை என்னும் வடிவம் கொண்டுள்ளது. காயத்துக்கு மஞ்சள் இடுவதற்கு 1995இல் ஐக்கிய அமெரிக்காவிலே காப்புரிமை வழங்கப்பட்டதும், இந்தியாவின் எதிர்ப்பால் 1997இல் அது நீக்கப்பட்டதும் பலரறிந்தது. இதற்கு மாறான முயற்சியாக, பொதிகைப் பகுதியின் காணிப் பழங்குடியினர் காட்டிய ஆரோக்கியப்பச்சையிலிருந்து உருவாக்கிய மருந்துக்குக் கிடைத்த உரிமத்தொகையிற் பாதியை அவர்களுக்கே அளிக்கத் திருவனந்தபுரத்து ஆய்வுநிலையம் 1990களில் இணங்கியது. அதன் நடைமுறைக் குறைகள் பல. ஆயினும் அறிவுக்குச் சொந்தக்காரர் உண்டு என்பதை அது ஏற்றுக்கொண்டது. மலையகத் தொழிலாளரைப் பொறுத்தவரை 1948ஆம் ஆண்டின் சட்டத்தால் குடியுரிமையே பறிக்கப்பட்டவர்களின் அறிவுரிமையைப் பற்றிப் பேச நெடுங்காலம் எவரும் இருக்கவில்லை.

தேயிலையும் ஓர் இலை என்பதை மறந்துவிடலாகாது. ரத்னசூரியவும் பெர்னாண்டோவும் இலங்கைக் கறுப்புத் தேயிலையின் சாயத்தை எலிகளுக்குக் கொடுத்து, அதன் அழற்சி எதிர்ப்பாற்றலை 2009இல் வெளியிட்டனர். தேநீரின் பெருமைகளை உலகுக்கு அறிவிக்கும் விளம்பரங்களுக்கு இத்தகைய முடிவுகள் பெரிதும் பயன்படும். நாம் அவ்வாய்வைக் குறை சொல்லவில்லை; முறையாகச் செய்யப்பட்ட ஆய்வின் முடிவு முடிவுதான். கொழுந்து பறிக்கும் தோளில் அழற்சியை உண்டாக்கும் இலையும் அழற்சியைத் தணிப்பதாக எலியிற் காணப்பட்ட இலையும் ஒன்றே என்பதைக் குறித்துவைக்கின்றோம்.

இங்கே விலங்குப் பரிசோதனையின் முக்கியமான வரையறை வெளிப்படுகின்றது. எலியின் பாதத்தில் கரஜீனன் ஒருமுறை செலுத்தப்படுகின்றது, வீக்கம் எழுகின்றது, சில மணி நேரத்தில் அளவீடு முடிகின்றது. கொழுந்துக்காரியின் தோளிலோ நாள்தோறும் காலை ஏழரைக்கு அந்த ஊசி மறுபடி ஏற்றப்படுகின்றது. நோவின் காரணி அகற்றப்படாத உடலில், முப்பது ஆண்டுகளாக, ஓர் இலைச்சாறு என்ன செய்யும் என்பதை மேற்கூறிய சோதனைகள் எவையும் கேட்கவில்லை; கேட்கும்படி அவை அமைக்கப்படவுமில்லை. நாட்பட்ட நோவுக்குத் தனி மாதிரிகள் பின்னர் உருவாக்கப்பட்டுள்ளன. அவையும் நரம்பைக் கட்டியோ மூட்டில் நோயூட்டியோ உண்டாக்கப்படுபவையே. உழைப்பை எலியில் மாதிரியாக்குவது எளிதன்று.

விலங்குகளின் நோவு பற்றியும் ஒரு சொல் கூறவேண்டும். 1959இல் ரசலும் பேர்ச்சும், இயன்றவிடத்து விலங்குக்கு மாற்றுக் காணல், எண்ணிக்கையைக் குறைத்தல், துன்பத்தைத் தணிக்கும்படி முறையைச் செம்மைப்படுத்தல் என மூன்று நெறிகளை வகுத்தனர். நெறிமுறைக் குழுவின் ஒப்புதலின்றி இன்று நல்ல ஆய்விதழ்கள் இத்தகைய கட்டுரையை ஏற்பதில்லை. நோவு ஆய்வுக்கான சர்வதேசச் சங்கம் 1979இல் வகுத்த வரைவிலக்கணத்தை 2020இல் திருத்தியபோது, நோவைச் சொல்லால் வெளிப்படுத்த இயலாமை நோவு இல்லை என்பதற்குச் சான்றாகாது எனவும், ஒருவர் தமது நோவைப் பற்றிக் கூறுவது மதிக்கப்பட வேண்டும் எனவும் குறிப்புகளைச் சேர்த்தது. எலிக்கும் குழந்தைக்கும் பொருந்தும் முதற்குறிப்பு எளிதில் ஏற்கப்படும். இரண்டாவது, தோட்டத்து டிஸ்பென்சரியின் வாசலில் வரிசையில் நிற்பவளுக்குப் பொருந்துவது. இடுப்பு நோகின்றது என அவள் சொல்வது வேலைக்கள்ளம் எனக் கொள்ளப்படாதிருக்க வேண்டுமாயின், காய்ச்சலைப் போல வெப்பமானியிற் காட்டக்கூடிய ஏதேனும் வேண்டும். அது இல்லாதபோது கையிற் கிடைப்பது இரண்டு பனடோல் குளிசைகள். வீட்டுக்கு வந்தபின் இலை.

இனிச் செய்யத்தக்கது யாது என நோக்குமிடத்து, நமது துறைக்குரிய பணி ஒன்று தெளிவாகத் தெரிகின்றது. ஆய்வுகூடத்துக்கு இலை செல்லுமுன் அதன் பெயர் சரியாக அறியப்பட வேண்டும். ஒரே செடிக்குத் தோட்டத்துக்குத் தோட்டம் பெயர் மாறும். ஒரே பெயரில் இரு செடிகள் வழங்கும். டி. எம். ஏ. ஜயவீர 1981, 1982ஆம் ஆண்டுகளில் ஐந்து தொகுதிகளாக வெளியிட்ட இலங்கை மூலிகை நூல் சிங்களப் பெயரோடு தமிழ்ப் பெயரையும் தருகின்றது. அதனைக் கையில் வைத்துக்கொண்டு, லயத்துக் காம்பராக்களில் வழங்கும் பெயர்களை அதனோடு ஒப்பிட்டு, இலை பறிக்கப்பட்ட மலை, உயரம், மாதம், பச்சையா காய்ந்ததா, நீரிலா எண்ணெயிலா, குடிப்பதா தடவுவதா, எந்நோவுக்கு என்பவற்றைக் குறித்தல் வேண்டும். கடுப்புக்கு இது, குடைச்சலுக்கு அது எனச் சொல்பவர் வேறுபடுத்தின், அவ்வேறுபாட்டை ‘வலி’ என்ற ஒரே சொல்லாற் சமன்செய்துவிடாமல் அவ்வாறே பதிதல் வேண்டும். போமலின் சோதனையின் எந்தக் கட்டத்தில் தேடுவது என்பதை மருந்தியலார் தீர்மானிக்க அது உதவக்கூடும். சொன்னவரின் சம்மதமும், அவர் விரும்பின் அவர் பெயரும், அக்குறிப்பேட்டின் முதற்பத்தியில் இடம்பெறல் வேண்டும்.